அந்தக் கொட்டை எந்தச் செடியுடையது?

பள்ளிப் பாடத்திட்டம் வகுக்கும் மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு,

வேலியோரக் கொட்டையைத் தின்ற பள்ளிப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி அவ்வப்போது ஏதேனும் ஓர் ஊரிலிருந்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற மாதம் அது எங்கள் ஊரிலிருந்து வந்தது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் அவளுடைய தோழியர் மூவரும் வாந்தி நிற்காமல் துவண்டு கிடந்தார்கள்.

மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "என்ன செடி?" பொன்னரளி என்றால் இதயத் துடிப்பை விடாமல் கண்காணிக்க வேண்டும், காட்டாமணக்கு என்றால் உடல் இழந்த நீரை ஈடு செய்வதே முதல் வேலை. பிள்ளைகளோ, கறுப்பாக இருந்தது, நிலக்கடலை போல இனித்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாமல் விழித்தார்கள். உடன் வந்த ஆசிரியை ஆமணக்கு என்றார். கடைசியில் என் மாமனார் மிதிவண்டியில் போய்க் காயோடு ஒரு கிளையை ஒடித்து வந்தார். ஆமணக்கின் இலை விரல் விரித்த கைபோல ஆழமாகப் பிளந்திருக்கும், காயில் முள் இருக்கும், விதையில் புள்ளியும் கோடும் இருக்கும். இந்தக் கிளையிலோ இலையின் மடல்கள் ஆழமில்லாமல் இருந்தன. காய் வழவழப்பாக இருந்தது. உடைத்தால் உள்ளே மூன்று கறுத்த விதைகள். "காட்டாமணக்கும்மா, சின்ன வயசுல காம்பை ஒடிச்சு ஊதிக் குமிழி விடுவோமே" என்றார் அவர். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது.

என் மகளின் அறிவியல் குறிப்பேட்டில் செம்பருத்திப் பூவின் பாகங்கள் பிழையின்றிக் குறிக்கப்பட்டுள்ளன. தனியிலை, கூட்டிலை ஆகியவற்றின் இலக்கணத்தை அவள் ஒப்பிப்பாள். ஆனால் நாள்தோறும் கடந்து போகும் வேலியில் நிற்பது எது என்று அவளுக்கு எவரும் காட்டவில்லை. இதைச் சினமின்றி எழுத என்னால் இயலவில்லை, பொறுத்தருள்க.

மறுவாரம் பள்ளி வேலி முழுவதும் வெட்டப்பட்டது. காட்டாமணக்கோடு சேர்ந்து நொச்சியும் ஆடாதொடையும் வேரோடு போயின. சளிக்கும் இருமலுக்கும் ஊரே இலை பறித்த செடிகள் அவை. வெட்டச் சொன்னவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பள்ளியிலிருந்து வீடு வரும் வழியிலோ காட்டாமணக்கு இன்னும் காய்த்துத் தொங்குகிறது. எல்லா வேலிகளையும் வெட்டித் தீர்க்க முடியுமா? பிள்ளைகளின் கண்ணைப் பழக்குவது ஒன்றே வழி.

ஆகவே வாரத்திற்கு ஒரு பாடவேளை பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, அந்தந்த ஊரின் செடிகளையும் மரங்களையும் இலை, பால், பூ, காய், பட்டை கொண்டு இனங்காணப் பழக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் ஆசிரியர்களுக்கு அந்தப் பயிற்சி வேண்டும். ஊரில் செடி அறிந்த முதியவர்களை உடன் அழைத்துக்கொண்டாலும் நன்று. அந்த ஒரு பாடவேளையை வரும் கல்வியாண்டிலேயே ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்