புறப்பட்டவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை?

அமெச்சூர் சைக்கிள் சாலைப் பந்தயங்களை நடத்தும் அமைப்பாளர்கள், நடுவர்கள், மார்ஷல் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சீசன் தொடங்கி முதல் வாரயிறுதியும் முடிந்துவிட்டது. முடிவுப் பட்டியலில் என் எண்ணுக்கு நேரே 'டிஎன்எஃப்' என்று போட்டிருக்கிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. பந்தயத்தை நான் முடிக்கவில்லை, பட்டியல் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அதைப் போட்டவர், "இந்த ஆள் இப்போது எங்கே?" என்று பக்கத்தில் இருந்தவரிடமாவது கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தால் யாராவது தேடி வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் சாலையோரப் பள்ளத்தில், புல்லுக்குள் கிடந்தேன்.

பந்தயம் நடத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியாமல் எழுதவில்லை. சாலை அனுமதி, போலீஸ், ஆம்புலன்ஸ், காப்பீடு, விடியும் முன்பே வந்து சந்திப்புகளில் மார்ஷல்களாக நின்று கொடி பிடிக்கும் தன்னார்வலர்கள். இதில் பலருக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் உழைப்பு இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் விடுமுறை நாளில் தனியாக மிதித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

சீசனின் முதல் பந்தயம் எங்கேயும் பதற்றமாகத்தான் இருக்கும். பிப்ரவரிக் கடைசியில் பெல்ஜியத்தில் ஓம்லூப் நியூஸ்பிளாட் பந்தயத்தோடு தொழில்முறை வீரர்கள் 'கிளாசிக்ஸ்' எனப்படும் ஒருநாள் பந்தயங்களின் காலத்தைத் தொடங்கும்போதும் இதே கதைதான். எல்லோருக்கும் கால் புதுசாக இருக்கிறது, எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும், சாலைக்கு மட்டும் அதே பழைய அகலம். நம் மாதிரி ஆட்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் சைக்கிளை டிரெயினர் என்ற நிலைச்சட்டத்தில் மாட்டி மிதித்ததில் கால் பலமாகியிருக்கும். ஆனால் பக்கத்தில் ஒருவர் முழங்கை உரசும்போது பதறாமல் ஹேண்டில்பாரை நேராக வைத்திருக்கிற பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஈரத்தில் எவ்வளவு முன்கூட்டி பிரேக் பிடிக்க வேண்டும் என்பதும் மறந்திருக்கும். பலம் இருக்கிறது, பக்குவம் இல்லை. அப்படி ஒரு கூட்டத்தை ஒன்றாகச் சாலையில் அவிழ்த்துவிடுவதுதான் முதல் வாரம்.

சனிக்கிழமை, நேரத்தைப் பதிவு செய்யும் சிப்பைக் கொடுப்பதில் தாமதமாகி, நேரம் போய்விட்டதென்று இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் புறப்பட வைத்தார்கள். தூறல் வேறு. சாலை குறுகும் இடத்தில் எனக்கு முன்னால் சிலர் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். நான் விழவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டேன். நின்று, ஷூவின் அடியில் இருக்கும் கிளீட்டை மறுபடி பெடலில் மாட்டி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் கூட்டம் போய்விட்டது. இது பந்தயத்தில் சகஜம். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கூட்டத்திலிருந்து கழன்ற ஆள் எவ்வளவு வேகமாகப் பின்தங்குவார் என்பதை மட்டும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2018-ல் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட ஒரு பெலடானை, அதாவது பந்தயக் கூட்டத்தை, காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் உள்ளே ஒளிந்திருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் தாங்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கிறது என்று கண்டார்கள். அந்த மறைப்பு போனதும் மொத்தக் காற்றும் நெஞ்சில் வந்து மோதும். கூட்டம் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது, தனி ஆள் 32-ல் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் இடைவெளி 4 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் நடுவர் வண்டி கண்ணுக்குத் தெரியாது, சக வீரர்களும் தெரியமாட்டார்கள். பந்தயத்தில் அதிகம் களைத்துப்போன, அதிக நேரம் சாலையில் இருக்கிற, பெரும்பாலும் அனுபவம் குறைந்த ஆளுக்குத்தான் கண்காணிப்பு மிகக் குறைவு. நியாயமாகப் பார்த்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும்.

நான் விழுந்தது ஓர் இடது வளைவில். உள்பக்கம் சரளைக்கல் பரவியிருந்தது. முன்சக்கரம் வழுக்கியதும் நானும் சைக்கிளும் ஒன்றாகச் சாலையை விட்டுக் கீழே போய்விட்டோம். அதுதான் வினையே. சைக்கிள் சாலையில் கிடந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். கியர் மாற்றும் டெரெய்லர் வளைந்து ஸ்போக்குக்குள் சிக்கியிருந்தது. பிரேக் லீவர் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. முதுகில் குத்தியிருந்த எண் கிழிந்து ஒரே ஒரு சேஃப்டி பின்னில் தொங்கியது. இடது தோளைத் தூக்க முடியவில்லை. போனை எடுத்தால் திரை முழுக்க நொறுங்கி, விரல் பட்டால் எதுவும் நகரவில்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வரும் ஸ்வீப் வண்டி வந்தது. டீசல் எஞ்சின் சத்தமும், ஈரச் சாலையில் டயர் இழுபடும் சத்தமும் என் தலைக்கு மேலே நெருங்கி வந்தன. இருக்கிற குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். மழைக்குக் கண்ணாடி ஏற்றியிருந்திருப்பார்கள். வண்டி வேகம் குறையாமல் கடந்து போனது. ஓட்டியவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். தனக்கு முன்னால் யாராவது மிதிக்கிறார்களா என்று பார்த்தபடி போவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. எத்தனை பேர் முன்னால் இருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. கையில் பட்டியல் இல்லாத ஸ்வீப் வண்டிக்குக் காலிச் சாலை என்றால் வேலை முடிந்தது என்றுதான் பொருள்.

ஒருவழியாக மேலே ஏறி வந்தேன். அடுத்த சந்திப்பில் மார்ஷல் இல்லை, ஸ்வீப் வண்டி தாண்டியதும் கிளம்பியிருக்கிறார். அந்த வழியாக வந்த முன்பின் தெரியாத ஒருவர் காரை நிறுத்தி, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு முடிவு இடத்தில் இறக்கிவிட்டார். அங்கே பரிசளிப்பு முடிந்து, டைமிங் மேசையில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. மேசையில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்பாகத்தான் பேசினார். "எண் என்ன சொன்னீங்க? ஆமா, டிஎன்எஃப் போட்டாச்சு" என்றார்.

என் ஹெல்மெட்டின் இடப்பக்கம் விரிசல் விட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். தொழில்முறைப் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது 2003-ல், பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் விழுந்து ஆந்த்ரே கிவிலெவ் இறந்த பிறகு. தலைக்கு மேலே என்ன போட வேண்டும் என்ற சண்டை அதோடு ஓய்ந்தது. தலைக்கு உள்ளே என்ன ஆனது என்று பார்க்கும் நெறிமுறையை உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐ நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2021-ல்தான். மருத்துவர்கள் மட்டுமல்லாமல் பயிற்சியாளர், மெக்கானிக், சக வீரர்கள் எல்லோரும் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. காரணம் எளிது. அடிபட்டவரே தன் நிலையைச் சரியாகச் சொல்வார் என்று நம்ப முடியாது, வேறு யாராவது பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தனியாக விழுந்தவரைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சர்க்யூட் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்திருந்தேன். கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. அங்கே ஒருவர் வளைவில் விழுந்தார். அடுத்த நொடியே விசில். இரண்டு மார்ஷல்கள் ஓடினார்கள், ஒலிபெருக்கியில் எண் சொன்னார்கள், முதலுதவிக்காரர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். சைக்கிளைச் சரிபார்த்து, விழுந்தவருக்கான இலவசச் சுற்று விதிப்படி அவரை மறுபடி கூட்டத்தில் சேர்த்தும்விட்டார்கள். அதே அமைப்பு, அதே ஆட்கள். சின்னச் சுற்று என்பதால் ஒரு ஆள் குறைந்தால் உடனே கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். ஆக, உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அக்கறை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அக்கறையின் வேலையைச் செய்ய ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் யாரும் எடுப்பதில்லை.

"நீ மிகைப்படுத்துகிறாய், கடைசியில் வந்து சேர்ந்தாய் அல்லவா?" என்று சிலர் கேட்டார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று சூரிச்சில் உலகச் சாம்பியன்ஷிப்பின் ஜூனியர் பெண்கள் சாலைப் பந்தயத்தில் 18 வயது மூரியல் ஃபுரர் ஓட்டினார். மழை பெய்த நாள், காட்டுக்குள் இறங்கும் சாலை. அவர் சாலையை விட்டு விலகி மரங்களுக்குள் விழுந்தார். நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இறந்துபோனார். உலகச் சாம்பியன்ஷிப், சொந்த நாட்டில் ஓட்டிய வீராங்கனை, நேரலை ஒளிபரப்பு, இத்தனை வண்டிகள், இத்தனை அதிகாரிகள். அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு ஆள் குறைவது தெரியாமல் போக முடியும் என்றால் நம் கடைசிப் பிரிவுப் பந்தயத்தைப் பற்றி என்ன சொல்ல? அதற்கடுத்த ஆண்டு ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்கு ஜிபிஎஸ் கருவிகளைக் கொண்டுவந்தார்கள்.

நான் ஜிபிஎஸ் கேட்கவில்லை. அமெச்சூர் பந்தயத்துக்கு அது கட்டுப்படியாகாது என்று எனக்கும் தெரியும். கருவி இருந்தால் திரையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வீண். சொல்லப்போனால் தேவையான தகவல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. புறப்படும் கோட்டை யார் யார் தாண்டினார்கள் என்று எங்கள் சிப் சொல்லிவிடுகிறது. முடிவுக் கோட்டை யார் தாண்டவில்லை என்பதும் அதே கணினியில் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிஞ்சுகிற எண்களை முடிவுப் பட்டியலில் அச்சிடுகிறீர்கள். அதே எண்களை அதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவராகத் தேடி, கிடைத்ததும் அந்த எண்ணைக் கோடு போட்டு அடிக்கலாம் அல்லவா?

கடலில் மூழ்கிப் பார்ப்பவர்களை அழைத்துப்போகும் படகுக்காரர்கள் இந்தப் பாடத்தை மிக மோசமான வழியில் கற்றார்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம், ஐலீன் லோனர்கன் தம்பதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரைக்குத் திரும்பியது. தலை எண்ணியதில் பிழை. அவர்களுடைய பை படகிலேயே இருந்தும், இரண்டு நாள் கழித்துத்தான் ஆட்கள் குறைகிறார்கள் என்பது உறைத்தது. அந்தத் தம்பதி கிடைக்கவே இல்லை. எண்ணுவதற்கான விதிகள் அங்கே அதன் பிறகு இறுகின.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கே மதிப்பில்லை. பாதியில் விலகுகிறவர்களில் பலர் யாரிடமும் சொல்லாமல் நேராகக் காருக்குப் போய், சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தோற்ற கடுப்பில் மேசைக்குப் போய் நிற்கப் பிடிக்காது. "காணாதவரையெல்லாம் தேடப் போனால் பாதிப்பேர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்று ஒரு நடுவர் சலித்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் தேடாமல் இருப்பது அதற்கு மருந்து அல்ல. சொல்லாமல் போகிறவரை அடுத்த பந்தயத்தில் ஓட்ட விடாதீர்கள். சிப்பைத் திருப்பிக் கொடுத்தால்தான் விலகியதாகக் கணக்கு என்று விதி போடுங்கள். ஒருமுறை நிஜமாகவே அமல்படுத்தினால் போதும், அடுத்த வாரம் மேசைக்கு வரிசை நிற்கும். இதை எதிர்த்து எங்களில் யாராவது கூச்சல் போட்டால் நானே அவர்களோடு சண்டை போடுகிறேன்.

உங்களிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்வீப் வண்டியில் ஓட்டுநரோடு இன்னொருவர் உட்காரட்டும், அவர் மடியில் ஸ்டார்ட் லிஸ்டும் பேனாவும் இருக்கட்டும். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு சந்திப்பிலும் கண்ணாடியை இறக்கி மார்ஷலிடம், "கடைசியாக எந்த எண் போனது?" என்று கேட்கட்டும். கணக்கு ஒத்துப்போனது என்று தகவல் வராமல் மார்ஷலும் கிளம்பக் கூடாது, ஆம்புலன்ஸும் கிளம்பக் கூடாது. எங்கள் எண் அட்டையின் பின்பக்கம் ஓர் அவசரத் தொலைபேசி எண்ணை அச்சடியுங்கள். என் போன் உடைந்ததால் எனக்கு அது உதவியிருக்காது, ஆனால் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டவர் தன் போனில் கூப்பிட்டிருக்கலாம். யாரைக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் முதலில் சொன்னதைச் செய்யுங்கள். அந்தப் பட்டியல் மட்டும் இருந்திருந்தால், ஓர் எண் கோடு போட்டு அடிக்கப்படாமல் நிற்பதைப் பார்த்து வண்டியைத் திருப்பியிருப்பார்கள்.

தோள் ஆறும்வரை நான் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அடுத்த சுற்றில் நான் இல்லை. ஆனால் வலது கை நன்றாக இருக்கிறது, எழுத முடியும். ஸ்வீப் வண்டியில் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லியனுப்புங்கள், விடியும் முன்பே வந்து நிற்கிறேன். பேனாவையும் நானே கொண்டுவருகிறேன். ஸ்டார்ட் லிஸ்டை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசிப் பிரிவில் ஓட்டும் ஒரு சைக்கிள்காரன்