ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், நாங்களும் வருகிறோம்

குறைந்தபட்சக் கூலிக்குக் கருத்துக் கேட்கும் குழுவினருக்கும், தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். போன மாதம் ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் போடவில்லை. ஓர் அதிகாரியை மாற்றிவிட்டால் தீர்ந்துபோகிற குறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் வேலை நேரம் உங்களுக்குத் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டு மணி தாண்டிவிடும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. இது ஊருக்கே தெரிந்த கணக்கு. அப்படியிருக்க, எங்கள் கூலியைப் பற்றி எங்களிடமே கேட்கும் கூட்டத்தைப் புதன்கிழமை 11 மணிக்கு வைத்தீர்கள்.

அறிவிப்பு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பலகையில் ஒட்டியிருந்ததாம். எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை இரவுதான் தெரிந்தது, அதுவும் சங்கத்தில் இருக்கும் ஓர் அண்ணன் சொல்லி. நானும் பவர் டேபிளில் தைக்கும் அக்கா ஒருவரும் லீவு சொல்லிவிட்டுப் போனோம்.

அந்த அக்கா இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறார். வீட்டுக்காரர் இல்லை. இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. வரவு செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். மளிகை, பால், கேஸ், ஸ்கூல் வேன், அம்மாவின் மாத்திரை எல்லாம் தேதியோடு இருக்கும். அதையே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "கேட்பாங்கல்ல, காட்டலாமுங்க" என்றார்.

வாசலில் எந்தச் சங்கம் என்று கேட்டார்கள். நாங்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். முன்வரிசையில் முதலாளிகள் தரப்பு, ஃபைலோடும் வக்கீலோடும். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். எல்லோருக்கும் கொடுத்த தாளில் இருந்தது முழுக்க ஆங்கில அட்டவணை. அக்கா எழுந்து, "ஏனுங்க, நானு ரெண்டு வார்த்தை சொல்லலாமுங்களா?" என்று கேட்டார். எழுத்தில் கொடுங்கள் என்று பதில் வந்தது. நோட்டைக் காட்டினார். மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அங்கேயே ஒரு தாள் வாங்கி நான் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது கிடையாது. திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தால்கூட ஒரு ரசீது தருகிறார்களே, எங்கள் கூலி அதைவிடவா சின்ன விஷயம்? ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை சம்பளக் கவரில் அக்காவுக்கு ஒன்றரை ஷிப்ட் கூலி குறைந்தது. வாரம் முழுக்க வந்தால் தரும் பணமும் போய்விட்டது. இரண்டும் சேர்த்து 950 ரூபாய். அதையும் அந்த நோட்டில் எழுதியிருக்கிறார். தேதி போட்டு, "மீட்டிங்" என்று மட்டும்.

அந்த நோட்டில் உங்களுக்குத் தேவையான ஒரு விஷயம் இருந்தது. குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட 2020இல் மத்திய அரசு வெளியிட்ட ஊதிய விதிகளின் வரைவை நீங்கள் படித்திருப்பீர்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருடத்துக்கு 66 மீட்டர் துணி, வீட்டு வாடகைக்குச் சாப்பாட்டுச் செலவும் துணிச் செலவும் சேர்ந்ததில் 10 சதவீதம் என்று அதில் போட்டிருக்கிறது. அக்காவின் நோட்டுப்படி சாப்பாடும் துணியும் மாதம் 11,000 ரூபாய் ஆகிறது. அப்படியானால் வாடகை 1,100 ரூபாய்தான் வர வேண்டும். லைன் வீட்டில் ஒரு ரூமுக்கும் ஒரு சமையல்கட்டுக்கும் அவர் கொடுப்பது 4,500. அட்வான்ஸ் 20,000. கரண்டுக்கு யூனிட் கணக்கு வீட்டு ஓனர் சொல்வதுதான். எங்கள் ஊரில் 1,100 ரூபாய்க்கு எந்த வீடு கிடைக்கும் என்று அந்தக் கூட்டத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் அக்கா வந்திருந்தார்.

கூலியைப் பற்றிச் சொல்ல ஒருவர் சங்கத்தில் இருக்க வேண்டும் என்றோ, மெஷினில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றோகூட இல்லை. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரருக்கு யார் வீட்டில் மாதக் கடைசியில் கடன் ஏறுகிறது என்று தெரியும். அங்கன்வாடி டீச்சருக்கு எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று தெரியும். 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருந்தன. குழு போட்டு விசாரிப்பது ஒன்று. அரசிதழில் முன்மொழிவை வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்துக் கருத்துக் கேட்பது இன்னொன்று. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. பாதிக்கப்படக்கூடியவர்களின் தகவலுக்காக வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பாதிக்கப்படுகிறவர்கள் என்றால் எங்கள் தெரு முழுவதும்தான். அரசிதழை எங்கள் தெருவில் யார் வாங்குகிறார்கள்? ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால் ஒரே மாதத்தில் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விடும்.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. ஒரு ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன்னால் மக்கள் கருத்துக்கேட்பு எப்படி நடக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 30 நாளாவது முன்னறிவிப்பு வேண்டும். உள்ளூர் மொழிப் பத்திரிகையிலும் அறிவிப்பு வர வேண்டும். ஆலை வரப்போகும் இடத்திலோ அதன் பக்கத்திலோ கூட்டம் நடக்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். வந்த ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்பு உண்டு. கடைசியில் என்ன பேசினார்கள் என்பதை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டங்களிலும் சண்டையும் குறையும் இருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆலைப் புகைக்குக் கிடைக்கும் இந்த முறை ஆலைக்குள் வாங்கும் கூலிக்கு ஏன் கிடைக்கவில்லை?

முதலாளிகளுக்குக் கூட்டம் போனால் கோர்ட் இருக்கிறது. தையல் தொழிலுக்கு 2004க்குப் பிறகு 2014இல்தான் அடுத்த கூலி அறிவிப்பு வந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருந்தும் அப்படி. அதையும் எதிர்த்து நூற்றுக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உயர்வைக் கொடுத்தாக வேண்டும் என்று சொன்னது. இதற்குள் எத்தனை பெண்கள் பழைய கூலியிலேயே தைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்! எங்களுக்கு வழக்குப் போட வழியில்லை. எங்களிடம் இருப்பது நீங்கள் தரும் அந்த அவகாசமும் அந்த ஒரு கூட்டமும்தான்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை அரசாங்கமும் பார்த்திருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கான திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேரம் நின்று செக்கிங் பார்த்தால் கால் எப்படி வீங்கும் என்று முதலிலேயே எங்களிடம் கேட்டிருந்தால் அந்த மசோதா சட்டமன்றம் வரைக்கும் போயிருக்காது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று எங்கள் பாட்டன் காலத்திலேயே போராடி வாங்கியாகிவிட்டது, எங்களுக்கு இன்னும் அது முழுசாகக் கைக்கு வரவில்லை. நாங்கள் கேட்டா ஒன்றரை ஷிப்ட் வந்தது? ஒரு ஷிப்ட் கூலியில் குடும்பம் ஓடாததால் வந்தது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். நாங்கள் குடியிருக்கும் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வையுங்கள். தாளைத் தமிழில் கொடுங்கள். எங்களோடு வேலை செய்யும் ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கு ஒருவர் இந்தியில் எடுத்துச் சொல்லட்டும். பேச வருகிறவரிடம் எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் ரசீது கொடுங்கள், பதிலும் போடுங்கள். கிராமங்களில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஒன்று மே 1. உழைப்பாளர் தினத்தன்று கூடும் அந்தச் சபையில் கூலி முன்மொழிவைப் படித்துக் காட்டச் சொல்லி ஊராட்சிகளுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம். டவுனில் ஏரியா சபையிலும் அப்படியே செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் லீவு நாள்தான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது சுலபமான வேண்டுகோள் இல்லை என்பது தெரியும். எங்களுக்கு வாரத்தில் இருப்பதும் அந்த ஒரு நாள்தான். துணி துவைப்பதும் ரேஷன் வாங்குவதும் பிள்ளை முகத்தைப் பகலில் பார்ப்பதும் அன்றைக்குத்தான். அதில் பாதியை உங்கள் கூட்டத்துக்குக் கொடுக்க நாங்கள் தயார்.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அக்கா இப்போது புது நோட்டுப் போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் வாடகை 4,800 என்று இருக்கிறது, இந்த மாதம் முதல் ஏற்றிவிட்டார்கள். தேதி சொல்லுங்கள், நோட்டோடு வருகிறோம்.

இப்படிக்கு,
செக்கிங் தொழிலாளி ஒருத்தி