துபாய்ப் பணம் இல்லை, என் கூலி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலை பிடிப்பது எப்படி என்று நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் செய்த வேலைக்குப் பணம் எப்படிக் கைக்கு வந்து சேர்கிறது என்பது பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பதினோரு வருடம் டி.டி.பி. வேலை, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தவள் நான். இப்போது அமெரிக்காவில் ஒரு சிறிய பதிப்பகத்தின் குழந்தைகள் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். 2024 மே மாதம் 600 டாலருக்கு முதல் பில் போட்டேன். அவர்கள் அன்றே அனுப்பிவிட்டு, பணம் அனுப்பியதற்கு அவர்கள் வங்கி தரும் 'ஸ்விஃப்ட்' செய்தியின் நகலையும் மெயிலில் போட்டார்கள். ஐந்து நாளாகியும் பணம் வரவில்லை. நகலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த தம்பி தன்மையாகத்தான் பேசினார். "சார் துபாய்ல இருக்காங்களாக்கா?" என்று கேட்டார். என் கணவர் இங்கே பட்டாசுக் கடையில் கணக்கு எழுதுகிறார். இது நான் செய்த வேலைக்கான கூலி என்று சொன்னேன். "அதெல்லாம் மதுரைக் கிளையிலதான் பாப்பாங்க" என்றார்.

மறுநாள் பணம் வந்தது. எஸ்.எம்.எஸ்.ஸில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. கணக்குப் போட்டால் 2,900 ரூபாய்க்கு மேல் குறைகிறது. எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே நான்கு முறை அலைந்தேன். வழியில் இருந்த இடைநிலை வங்கி 20 டாலர் பிடித்திருந்தது. எங்கள் வங்கி அன்றைய சந்தை விலையைவிட டாலருக்கு ஒன்றரை ரூபாய் குறைத்து மாற்றியிருந்தது. அது போக கமிஷன், அதற்கு ஜி.எஸ்.டி., டாலரை ரூபாயாக மாற்றியதற்குத் தனி ஜி.எஸ்.டி. இதில் ஒன்றைக்கூட யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பணம் குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் அது எதற்காக வந்தது என்று ரிசர்வ் வங்கியின் நோக்கக் குறியீடு ஒன்று போட வேண்டும். என்னுடையதற்கு பி1301 என்று போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணம் என்று அதற்கு அர்த்தம். என்னைக் கேட்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பணம் என்றாலே மகனோ கணவரோ அனுப்பியது என்றுதான் நினைப்பார்கள். பெண் பெயரில் வந்தால் கேட்கவே வேண்டாம். ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்துச் சம்பாதித்த பணம் அது. அந்தக் குறியீடு போட்ட காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேவை ஏற்றுமதிக்கான குறியீடாக மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது.

இது வெறும் மனவருத்தம் மட்டும் இல்லை. நாளைக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தால், எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யலாம். ஆனால் பணம் அந்நியச் செலாவணியாக வந்தது என்பதற்குச் சான்று வேண்டும். எஃப்.ஐ.ஆர்.சி. என்றும் எஃப்.ஐ.ஆர்.ஏ. என்றும் சொல்கிறார்களே, அந்தக் காகிதம்தான். அதில் குறியீடு தப்பாக இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதுதான்.

இப்போது பில் போடும்போதே, அனுப்பும் செலவு முழுவதும் உங்களுடையது, வங்கிப் படிவத்தில் அதற்கான 'OUR' என்ற ஆங்கிலக் குறிப்பைப் போட்டு அனுப்புங்கள் என்று எழுதிவிடுகிறேன். அந்த 20 டாலர் பிடிப்பு நின்றுவிட்டது. எல்லை தாண்டிய பணத்தைக் கையாளும் செயலிகளும் வந்திருக்கின்றன. அந்த நிறுவனங்களுக்கு 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தனி விதிமுறையே கொண்டுவந்தது. அப்புறம், 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் வந்தால், டாலருக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வங்கிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். பணத்தை வரவு வைக்கும் முன் இது எதற்கான பணம் என்று வாடிக்கையாளரைக் கேளுங்கள். வரவு வைத்த அன்றே வந்த டாலர், மாற்றிய விலை, பிடித்தவை, குறியீடு நான்கையும் ஒரே தாளில் போட்டு மெயிலில் அனுப்புங்கள். நான்கும் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பவைதானே. உங்கள் இதழும் இதை வங்கி அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அடுத்த இதழிலாவது வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவகாசி.