தாராசுரம் போனா கொஞ்சம் குனிஞ்சு பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம். லீவு விட்டா கும்பகோணம் பக்கம் கோயில் டூர் கிளம்புறாங்க, சந்தோஷம்தான், ஆனா தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு, நாலு செல்ஃபி எடுத்துட்டு, அடுத்த கோயில் நடை சாத்திடுவாங்கன்னு வேன்ல ஏறி ஓடுறத பாத்தா வயிறெரியுது சார். ரெண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டுல கட்டினது, 2004ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரி உயரத்தால மிரட்டாது, இங்க விஷயமெல்லாம் சின்னச் சின்னதா செதுக்கினதுலதான் இருக்கு.

கருவறை வெளிச்சுவரோட அடிப்பக்கம் நாயன்மார் கதைங்க வரிசையா இருக்கு, குனிஞ்சாதான் தெரியும். சுந்தரர் பாட்டுக்கு முதலை வாயிலேர்ந்து பையன் வெளிய வர்றான் பாருங்க, அவ்வளவு சின்ன கல்லுல அந்த முதலை வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது! யானையும் காளையும் ஒரே தலைய பங்கு போட்டுக்குற சிற்பமும் இங்கதான், ஒரு பக்க உடம்ப கையால மறைச்சா இன்னொண்ணு தெரியும், பசங்க அதவிட்டு நகரவே மாட்டாங்க.

இன்னொண்ணு, மண்டபத்த தேர் மாதிரி இழுக்குற கல் குதிரை, சக்கரம் மேலெல்லாம் புள்ளைய ஏத்தி உக்கார வச்சு போட்டோ எடுக்காதீங்கப்பா, தேஞ்சு போனா யாரு செஞ்சு குடுப்பா?

உங்க சிறுவர் பக்கத்துல வாரம் ஒரு சிற்பம்னு போட்டோவும் கதையுமா போட்டீங்கன்னா டூர் போற ஸ்கூல் பசங்க தேடிப் பாப்பாங்க.

- ஒரு வாசகர், மன்னார்குடி