தரம் 11க்குக் கணித ஆசிரியர் கேட்டு நாலாவது மனு

2011 ஒக்டோபர் 10

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

மார்ச், யூன், ஓகஸ்ட் மாதங்களில் தரம் 11 பெற்றோரான நாங்கள் தந்த கடிதங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. தங்கள் வேலைப்பளு எங்களுக்கு விளங்காமல் இல்லை. போர் முடிந்து வன்னிச் சனம் முழுக்க இப்படித் திரும்பி வந்தால் எந்தக் கந்தோர்தான் தாங்கும்? அதனால் மறுபடியும் பணிவாக எழுதுகிறோம்.

1. எங்கள் பள்ளிக்கூடம் தங்களுக்குத் தெரியும். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் இருந்து குளக்கட்டால் திரும்பினால், கூரை போன மண்டபமும் தறப்பாள் கொட்டகைகளும். பின்வளவில் மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கிறது.

2. போன வருடம் திறந்தபோது 96 பிள்ளைகள். அந்தக் கணக்குக்குத்தான் ஆசிரியர்களைத் தந்தீர்கள். பிறகு செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து கட்டம் கட்டமாகக் குடும்பங்கள் வந்தன. இன்று இடாப்பில் 371. ஆசிரியர் ஆளணி மட்டும் அந்த 96 இலேயே நிற்கிறது.

3. கதிரை, மேசை, மலசலகூடம் பற்றி முன்பே எழுதிவிட்டோம். சரி, அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைகள் சாக்கில் இருந்தும் படிப்பார்கள்.

4. தரம் 11 இல் 43 பேர். டிசம்பரில் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை. இந்த வருடம் கணிதத்துக்கு ஒருவருமே இல்லை. இவர்கள் 2008 இல் எட்டாம் வகுப்பு. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன் என்று ஓடினதிலும் பங்கருக்குள் கிடந்ததிலும் எட்டின் பாதியும் ஒன்பதும் போய்விட்டன. முகாமில் கொட்டகைக்குள் கொஞ்சநாள் படித்தார்கள். அப்புறம் வயதைப் பார்த்து வகுப்பு ஏற்றினார்கள். அட்சரகணிதத்தைப் பாதியில் விட்ட பிள்ளையின் கையில் பத்தாம் வகுப்புப் புத்தகம்! வவுனியாவில் இருந்து வரும் விஞ்ஞான ஆசிரியர் இரக்கப்பட்டு ஒரு பாடம் எடுப்பார். பஸ் ஒன்பதரைக்கு வந்தால். உயர்தரம் படித்த தம்பி ஒருவர் பின்னேரங்களில் சும்மா சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. என் மகள் போன கிழமை கேட்டாள்: "அம்மா, கணக்குப் பேப்பருக்குப் பேரை மட்டும் எழுதிக் கொடுக்கலாமா?" ஐயா, இதற்கு நான் என்ன சொல்ல?

5. கந்தோரில் கேட்டால், எங்களுக்குக் கணித ஆசிரியர் இருக்கிறாராம். பேர் எங்கள் பள்ளிக்கூடத்தில், படிப்பிப்பது தற்காலிக இணைப்பில் நகரப் பள்ளிக்கூடத்தில். அந்த ரீச்சரை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. கைக்குழந்தை, இங்கே தங்க இடமில்லை என்கிறார்கள். நியாயம்தான். மீள்குடியேற்றத்துக்குத் தந்த தகரத்தில் வீட்டுக்கு ஒன்று கழற்றியாவது அவருக்கு ஓர் அறை போட்டுத் தருகிறோம். சமைத்தும் கொடுப்போம். இதை யூனிலேயே எழுதினோமே, யாராவது வாசித்தீர்களா?

6. ஏ9 வீதிக்குக் காபற் தார் போடுகிறார்கள். அதில் ஒரு ரீச்சரை ஏற்றிவிட ஆளில்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. நிரந்தர நியமனம் பிறகு பார்க்கலாம். இப்போதைக்குக் கிழமையில் மூன்று நாள் போதும். தயவுசெய்து ஒரு கணித ஆசிரியரை அனுப்புங்கள் ஐயா. இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தரம் 11 பெற்றோர் சார்பில் ஒரு தாய்

இணைப்பு: 43 பெற்றோரின் கையொப்பம், முந்தைய மூன்று கடிதங்களின் பிரதிகள். போட்டோக் கொப்பி எடுக்கும் கடை இங்கே இல்லாததால் பிரதிகளைப் பிள்ளைகளே கையால் எழுதினார்கள்.