ரோஸ் கலர் புக்குக்கு அட்டை போட்டுக் குடுத்த மிஸ்ஸிக்கு

எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் பாப்பாவோட ரிசல்ட் வந்துருச்சு. நெகட்டிவ். எதிர்ப்பு சக்தியும் நல்லா ஏறியிருக்கு, 10க்கு மேல இருந்தாலே போதும்னு சொல்லியிருந்தாங்க, பாப்பாவுக்கு அதவிட எவ்வளவோ மேல இருக்கு. கிளினிக் வாசப்படியிலயே உக்காந்து அழுதுட்டேன், காடி எடுக்கப் போன வீட்டுக்காரரு திரும்பி வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசாம அவரும் பக்கத்துல உக்காந்துட்டாரு. இந்த ஒன்றரை வருஷம் எங்க வீட்டுல எப்படிப் போச்சுன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும், திரும்ப அத எழுதப் போறதில்ல. ஆனா எல்லாரும் பேரச் சொல்லாம பேசிக்கிட்டத நானே சொல்லிடுறேன். எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு, ஈரலத் தாக்குற வைரஸ் அது. என் பிள்ளைக்கு இல்ல.

முதல்ல அந்த மிஸ்ஸி, எங்க கிளினிக் நர்ஸ். பேரு போடாதன்னு சொல்லிட்டாங்க, அதனால மிஸ்ஸின்னே எழுதுறேன். மலாய்க்காரங்க, ஆனா கெடா பக்கம் ஒரு தோட்டத்துல வளந்தவங்க, நம்ம தோட்டத்துத் தமிழ் அப்படியே பேசுவாங்க. நான் மாசமா இருந்தப்போ முதல் செக்கப்ல எடுத்த ரத்தத்துல எச்.ஐ.வி, சிபிலிஸ் பாக்குறப்போ கூடவே இதையும் பாத்திருக்காங்க, அது வந்துருச்சு. அன்னிக்கு ரூமுல என் மாமியார், வீட்டுக்காரர், நான் மூணு பேரும் இருந்தோம். மிஸ்ஸி பேப்பரப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, "அம்மா, அண்ணே, கொஞ்சம் வெளிய உக்காருங்க, தங்கச்சிக்கு எடை பாக்கணும்"னாங்க. எடை ஏற்கனவே பாத்தாச்சு. கதவச் சாத்திட்டு எனக்கு மட்டும் சொன்னாங்க. "இது உன் ரத்தம், யாருக்கு எப்பச் சொல்லணும்னு நீதான் முடிவு பண்ணணும், ஆனா புருஷனுக்கு மட்டும் சீக்கிரம் சொல்லிடு, அவரும் டெஸ்ட் எடுக்கணும்"னாங்க.

அப்புறம் என்னோட ரோஸ் கலர் புக்க எடுத்தாங்க, மாசமா இருக்கவங்களோட செக்கப் எல்லாம் எழுதுற புக்கு அது. யாருக்கு எவ்வளவு கவனிப்பு வேணும்னு காட்டுற கலர் ஸ்டிக்கர மேல ஒட்டியாகணும், அது ரூலு. வெயிட் பண்ற எடத்துல நம்ம ஆளுங்க எத்தன பேரு உக்காந்திருப்பாங்க, "உனக்கு என்ன கலர், ஏன்"னு கேக்காத ஆளே கெடையாது. நான் அந்த ஸ்டிக்கரையே பாத்துக்கிட்டு இருந்தத அவங்க கவனிச்சுட்டாங்க போல. செவுத்துல தொங்குன குதிரை காலண்டர்ல முடிஞ்ச மாசத்துத் தாள டர்னு கிழிச்சாங்க, வெள்ளப் பக்கம் வெளிய வர்ற மாதிரி மடிச்சு, ஸ்கூல் தொறக்குறதுக்கு மொத நாள் ராத்திரி நம்ம அம்மாங்க அட்டை போடுவாங்களே, அதே மாதிரி நாலு மூலையும் நகத்தால அழுத்தி அட்டை போட்டாங்க. மேல என் பேரு மட்டும் எழுதுனாங்க. "கவுண்டர்ல குடுக்கும்போது கழட்டிக் காட்டு, மத்த நேரம் மடியில வச்சுக்க"ன்னாங்க. அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வெளிய இருபது பேரு காத்திருந்தாங்க. என்னோட பயத்துக்குன்னு ஒருத்தங்க ரெண்டு நிமிஷம் ஒதுக்குனாங்க, அத நெனச்சா இப்பவும் தொண்ட அடைக்குது.

வைரஸ் அளவு அதிகமா இருந்துச்சு. 28 வாரத்துல இருந்து தினம் ஒரு டெனோஃபோவிர், வைரஸக் கொறைக்கிற மாத்திரை, பிள்ளை பொறந்த 12 மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊசி, ஒண்ணு தடுப்பூசி, இன்னொண்ணு இம்யூனோகுளோபுலின், அதாவது உடனே காப்பாத்துற ரெடிமேட் எதிர்ப்பு சக்தி. பொறக்குறப்போ ஒட்டிக்கிட்டா 100ல 90 பிள்ளைங்களுக்கு அது ஆயுசுக்கும் நின்னுடுமாம், பெரியவங்களுக்கு வந்தா 100ல 5 பேருக்குக்கூட அப்படி நிக்காதாம். இத மிஸ்ஸி சொன்னப்புறம்தான் அந்த 12 மணி நேரத்தோட கனம் எனக்குப் புரிஞ்சுச்சு. பாப்பா விடியக்காலம் 4.20க்குப் பொறந்தா. ஆறு மணிக்குள்ள ரெண்டு தொடையிலயும் ஒவ்வொரு வட்ட பிளாஸ்டர். அந்த ரெண்டு பிளாஸ்டரையும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த ஷிப்ட்ல இருந்த பேரு தெரியாத மிஸ்ஸிங்களுக்கும் டாக்டருக்கும் கோடி புண்ணியம்.

பாலு குடுக்காதன்னு சொன்னவங்க இருக்காங்க, தட்டு டம்ளர தனியா வச்சவங்களும் இருக்காங்க. யாரையும் குத்தம் சொல்ல இத எழுதல. பத்திய நாள்ல வீட்டுக்குப் பாக்க வந்தது அதே மிஸ்ஸிதான், என்னக் கேட்டுட்டுத்தான் மாமியார்கிட்ட உக்காந்து பேசுனாங்க, இது ரத்தத்துல பரவுறது, சோத்துல தண்ணியில இல்ல, பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு, பாலு தாராளமா குடுக்கலாம்னு. மறுநாள் அத்தை பால்சுறா புட்டு செஞ்சு என் தட்டுலயே போட்டாங்க. அவங்களும் அப்புறம் டெஸ்ட் எடுத்து மூணு ஊசியும் போட்டுக்கிட்டாங்க. அத்தை, உங்களுக்கும் நன்றி, இத நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல.

பட்டர்வொர்த்துல இருந்து பாலம் தாண்டி ஒவ்வொரு அப்பாயின்மெண்டுக்கும் கூட்டிட்டுப் போன பக்கத்து வீட்டு அண்ணே, லீவு கேட்டப்போ காரணம் கேக்காம கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர், கோயில்ல பாப்பா பேருல அர்ச்சனை பண்ண அக்காங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் வாட்ஸ்அப்ல பதில் போட்ட தோழிங்க, எல்லாருக்கும் சேத்து ஒரு பெரிய கும்புடு.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். எனக்கு வந்தப்புறம் அவங்களும் டெஸ்ட் எடுத்தாங்க, இருந்துச்சு. "நான்தான் உனக்குக் குடுத்துட்டேனா"ன்னு அழுதாங்க. அம்மா, நான் பொறந்தது 1987. நம்ம மலேசியாவுல பொறந்த பிள்ளைங்களுக்கு இந்த ஊசி போட ஆரம்பிச்சதே 1989ல. தம்பி 1990ல பொறந்தான், ஊசி போட்டாங்க, அவனுக்கு இல்ல. அந்த ரெண்டு மூணு வருஷம்தான் வித்தியாசம், நீங்க ஒரு தப்பும் பண்ணல. உங்க காலத்துல யாரும் உங்க ரத்தத்தப் பாக்கல, கதவச் சாத்திட்டு எடுத்துச் சொல்ல ஒரு மிஸ்ஸியும் உங்களுக்குக் கெடைக்கல.

எச்.ஐ.வியும் சிபிலிஸும் தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போறத மலேசியா தடுத்துருச்சுன்னு 2018ல உலக சுகாதார நிறுவனமே சொல்லுச்சு. எத்தனையோ கிளினிக்ல எத்தனையோ மிஸ்ஸிங்க ஒவ்வொரு டியூபா ரத்தம் எடுத்துத்தான் அது நடந்துச்சு. இதுவும் அப்படி நடக்கணும். மாசமா இருக்கவங்க யாராவது இதப் படிச்சா முதல் செக்கப்பத் தள்ளிப் போடாதீங்க, ஹெபடைடிஸ் பி பாத்தீங்களான்னு வாயத் தொறந்து கேளுங்க. தனியாப் போகப் பயமா இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, நான் கூட வர்றேன், சத்தியமா வர்றேன்.

மிஸ்ஸி, அந்த அட்டை இன்னும் இருக்கு, ஓரமெல்லாம் நைஞ்சுபோச்சு, உள்பக்கம் குதிரைப் படம் மட்டும் அப்படியே இருக்கு. எனக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஈரல் ஸ்கேன் இருக்குல்ல, அடுத்தது ஜூலையில வருது. அன்னிக்கு கிளினிக் பக்கம் வர்றேன், பாப்பாவத் தூக்கிட்டு வர்றேன். இப்பத்தான் செவுரு புடிச்சு நிக்க ஆரம்பிச்சிருக்கா.