பரிசு மின்னஞ்சல் மோசடியும் 'பேராசை' என்ற தலைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

லாட்டரியில் பெருந்தொகை விழுந்திருப்பதாக வந்த மின்னஞ்சலை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகின்றன. அச்செய்திகளில் ஏறக்குறையத் தவறாமல் இடம்பெறும் ஒரு சொல்லைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். 'பேராசை' என்பது அச்சொல். 'பேராசை பெருநட்டம்' என்று தலைப்பிட்டதும் செய்தி முடிந்துவிடுகிறது. அந்த மின்னஞ்சலில் என்ன எழுதியிருந்தது, எந்தக் காரணத்தைச் சொல்லிப் பணம் கேட்டார்கள், எந்த வழியில் அனுப்பச் சொன்னார்கள் என்பவையெல்லாம் வாசகருக்குத் தெரியாமலேயே போகின்றன. அதே மின்னஞ்சல் நாளை தமக்கு வரும்போது, தாம் பேராசைக்காரர் அல்லர் என்று நம்பும் ஒருவர் அதை அடையாளம் காண அந்தச் செய்தி எவ்வகையிலும் உதவாது.

நான் வங்கி ஒன்றில் பணம் அனுப்பும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஒருநாள், பணி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெளிநாட்டுக் கணக்கொன்றுக்குப் பணம் அனுப்புவதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். பெறுநர் பெயர் ஒரு தனிநபருடையதாகவும், அனுப்பும் காரணம் 'பரிசுச் செலவு' என்றும் இருந்ததால் விசாரித்தேன். ஏற்கெனவே மூன்று முறை வேறு வழிகளில் பணம் அனுப்பிவிட்டதாகவும், இந்த நான்காவது தவணையைக் கட்டாவிட்டால் முந்தைய மூன்றும் வீணாகிவிடும் என்றும் அவர் சொன்னார். பரிசுத் தொகை எவ்வளவு என்று கேட்டதற்கு, படிவத்தின் பின்புறம் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் சொன்னார். வரப்போகும் செல்வம் அவர் மனத்தில் அப்போது இல்லை. போன பணத்தை எப்படியாவது மீட்க வேண்டும் என்ற பதற்றம்தான் இருந்தது. முதல் தொகை சிறியதாக இருப்பதும், அடுத்தடுத்த தொகைகள் மெல்லப் பெருகுவதும் இந்தப் பதற்றத்தை எதிர்பார்த்து வகுக்கப்பட்டவையே. ஆசை முதல் தவணைக்கு வேண்டுமானால் காரணமாக இருக்கலாம். இரண்டாம் தவணையிலிருந்து இயக்குவது அச்சம்.

மின்னஞ்சலில் வரும் கதையின் முதல் ஓட்டை எளிதானது. உலகிலுள்ள மின்னஞ்சல் முகவரிகளைக் கணினிக் குலுக்கலில் இட்டு உங்கள் முகவரியைத் தேர்ந்தெடுத்ததாக அது சொல்லும். சீட்டு வாங்காதவருக்குப் பரிசு தரும் லாட்டரி எங்கும் இல்லை. இம்மோசடிக் கடிதங்களில் அடிக்கடி களவாடப்படும் பெயர் ஸ்பெயினின் 'எல் கோர்தோ'. 1812 முதல் நடந்துவரும் அந்நாட்டுக் கிறிஸ்துமஸ் லாட்டரியின் முதல் பரிசுக்கு வழங்கும் பெயர் அது. அங்கே ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று குலுக்கப்படுபவை அச்சிட்ட சீட்டுகளின் எண்கள்தாம். காகிதச் சீட்டு வாங்கி வென்றவர் அதைத் தாமே கொண்டுசென்று கேட்டால்தான் பணம். சீட்டே வாங்காத ஒருவரைத் தேடி நடத்துபவர்கள் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. கடிதத்தில் வரிசை எண், தொகுதி எண், கோப்பு எண் என்று எத்தனை எண்கள் இருந்தாலும், நீங்கள் வாங்கிய சீட்டின் எண் அவற்றில் இருக்க முடியாது.

அனுப்புநர் முகவரியைப் பார்த்து நம்பியதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மின்னஞ்சல் அனுப்புவதற்கான அடிப்படை நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையின் மீது யாருடைய பெயரை வேண்டுமானாலும் அனுப்புநராக எழுதலாம் என்பதைப் போன்றதே அது. பின்னாளில் சேர்க்கப்பட்ட சரிபார்ப்பு முறைகள் ஓரளவு காக்கின்றன. ஆனால் உண்மையான நிறுவனத்தின் பெயரோடு ஓர் எழுத்தையோ இடைக்கோடு (-) ஒன்றையோ கூட்டி மோசடிக்காரர் தாமே பதிவுசெய்த முகவரியிலிருந்து வரும் கடிதம் அந்தச் சோதனைகளில் தேறிவிடும். பதில் போய்ச் சேரும் முகவரியைப் பார்ப்பது பயன் தரும்: அனுப்பியது ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரில் இருக்க, 'பதிலளி' என்பதை அழுத்தியதும் இலவச மின்னஞ்சல் முகவரி ஒன்று தோன்றுமானால், அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

எழுத்துப் பிழைகளைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்ற அறிவுரையைப் பத்திரிகைகள் இன்னும் அச்சிடுகின்றன. அதை நான் ஏற்பதில்லை. நம்ப முடியாத கதையை மோசடிக்காரர்கள் வேண்டுமென்றே எழுதுகிறார்கள், ஐயப்படுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட்டால் எஞ்சியவர்களிடம் மட்டும் உழைத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு என்று, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2012இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். இன்றோ செயற்கை நுண்ணறிவின் உதவியால் பிழையற்ற கடிதத்தை எந்த மொழியிலும், தமிழிலும்கூட, எவரும் எழுதிவிட முடிகிறது. பிழையைத் தேடப் பழகியவர் பிழையில்லாத கடிதத்தை நம்பிவிடுவார்.

பணம் கேட்கும் காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பதிவுக் கட்டணம், காப்பீடு, கூரியர் செலவு, வரி, 'இது கறுப்புப் பணம் அல்ல' என்று யாரோ வழங்க வேண்டிய சான்றிதழ் எனப் பட்டியலுக்கு முடிவில்லை. இவற்றுக்கெல்லாம் நான் சொல்லிவந்த பதில் ஒன்றே: 'கட்டணத்தைப் பரிசுத் தொகையிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பச் சொல்லுங்கள்.' கோடிகளைத் தர இருப்பவர் சில ஆயிரங்களைக் கழித்துக்கொள்வதில் என்ன தடை? பரிசுத் தொகை உங்கள் பெயரில் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது, அதைத் தொட எங்களுக்கு அதிகாரமில்லை என்று உடனே மறுமொழி வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைப்பேன். உண்மையான பரிசுக்கு வரி உண்டெனில், வழங்குபவர் அதைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்துவார், அல்லது வென்றவர் தாமே அரசுக்கு நேரடியாகக் கட்டுவார். இடைத்தரகரின் சொந்தக் கணக்கில் வரி கட்டும் நடைமுறை எங்கும் கிடையாது. பணத்தைக் கடைகளில் விற்கும் பரிசு அட்டைகளாகவோ (கிஃப்ட் கார்டு) பிட்காயின் போன்ற மெய்நிகர் நாணயமாகவோ கேட்பதும், அனுப்பிய பின் திரும்பப் பெறுவது அவற்றில் மிகக் கடினம் என்பதால்தான்.

வங்கிக்காரன் என்ற முறையில் இன்னொரு தந்திரத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சில கும்பல்கள் பரிசின் ஒரு பகுதி என்று சொல்லி முதலில் காசோலை ஒன்றை அனுப்பிவிட்டு, அதிலிருந்து 'செலவுத் தொகையை' மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லும். கணக்கில் வரவு ஏறியதைக் கண்டவர், பணம்தான் வந்துவிட்டதே என்று அனுப்பிவிடுவார். கணக்கில் வரவு ஏறுவதும் காசோலை தேறுவதும் ஒன்றல்ல. அது போலி என்று சில நாட்களோ வாரங்களோ கழித்துத் திரும்பும்போது வங்கி அந்த வரவை நீக்கிவிடும். அனுப்பிய பணம் முழுவதும் வாடிக்கையாளரின் கடனாக நிற்கும்.

இது புதிய குற்றமும் அன்று. ஸ்பெயினில் செல்வந்தர் ஒருவர் சிறைப்பட்டிருக்கிறார், அவரை விடுவிக்கப் பணம் அனுப்பினால் அவருடைய செல்வத்தில் பங்கு கிடைக்கும் என்ற கடிதங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தபாலில் உலவின. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு எண்ணையே பெயராகப் பெற்ற முன்பண மோசடியும் அதே வழிவந்ததுதான்.

பணம் கொடாதவர்களும் முழுமையாகத் தப்பிவிடுவதில்லை. 'பரிசு பெறுநர் படிவம்' என்ற பெயரில் பெறப்படும் அடையாள அட்டை நகல், கையொப்பம், கணக்கு எண் ஆகியவை வேறொருவர் உங்கள் பெயரில் கடன் வாங்கவும் கணக்குத் தொடங்கவும் உதவக்கூடும். ஆகவே இத்தகைய கடிதங்களுக்கு, திட்டி எழுதுவதற்காகக்கூட, பதில் அனுப்பக் கூடாது. அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை அப்பதில் உறுதிப்படுத்திவிடும். பணம் அனுப்பிவிட்டவர்கள் அந்த நிமிடமே தம் வங்கியை அழைக்க வேண்டும். வெட்கத்தில் மின்னஞ்சல்களை அழித்துவிடாமல் அப்படியே காவல்துறையிடம் தர வேண்டும். சில மாதங்கள் கழித்து, 'இழந்த பணத்தை மீட்டுவிட்டோம், சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்று வழக்கறிஞர் பெயரிலோ காவல் அதிகாரி பெயரிலோ மற்றொரு கடிதம் வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவது இத்தொழிலில் வழக்கம்.

நான் குறிப்பிட்ட ஆசிரியர் அன்று படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். காவல் நிலையத்துக்கு உடன் வருவதாகச் சொன்னேன், மறுத்துவிட்டார். 'பேப்பரில் போட்டுவிடுவார்கள்' என்றார். வெற்றிச் செய்தியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்த மின்னஞ்சல் அவருக்கு முதல் நாளிலேயே கட்டளையிட்டிருந்தது. இழப்பையும் யாரிடமும் சொல்லவிடாமல் அவரைத் தடுத்தவை நம் தலைப்புகள்.

அடுத்த முறை இப்படியொரு செய்தியை வெளியிடும்போது, ஏமாந்தவரின் குணத்தைப் பற்றிய சொற்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மோசடி மின்னஞ்சலையே, பெயர்களையும் முகவரிகளையும் மறைத்து, முழுமையாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வந்தவற்றுள் சிலவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். தாங்கள் விரும்பினால் நகல்களை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்